சம்பந்தி அம்மாகிட்ட பேசணும், ஸ்பானிஷ் எங்க போய் படிக்கறது?

போன இதழ்ல ஒரே ஒரு வரி தான் கேட்டிருந்தேன், ஸ்பானிஷ் படிக்க வெளிநாடு போகணும்னு ஆசைப்படறவங்க எதுக்குன்னு எழுதுங்க, ஆனா நெஜமான காரணத்த எழுதுங்கன்னு. வந்த மெயில்ல பாதி இன்டர்வியூல சொல்ற பதில் மாதிரியே இருந்துச்சு, "உலகத்துல சுமார் 50 கோடி பேருக்கு தாய்மொழி, 20 நாட்டுக்கு மேல ஆட்சிமொழி, ஐ.நா.வோட 6 மொழில ஒண்ணு"ன்னு. எல்லாம் உண்மைதான், ஆனா 50 கோடி பேர் பேசறாங்கங்கறதுக்காக யாரும் பொட்டிய தூக்கிட்டு கெளம்ப மாட்டாங்க. அந்த மெயில எல்லாம் ஓரமா வெச்சுட்டு மீதிய எடுத்துக்கிட்டேன்.

கேள்வி (கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு தம்பி): அக்கா, பி.காம் முடிச்சுட்டேன். ஸ்பானிஷ் தெரிஞ்சா பெங்களூர்ல சம்பளம் ஜாஸ்தின்னு ஃப்ரெண்டு சொல்றான். மொபைல் ஆப்ல 200 நாள் விடாம படிச்சிருக்கேன். 6 மாசம் ஸ்பெயின் போய் படிச்சுட்டு வந்தா வேலை கெடச்சிருமா?

பதில்: 200 நாள் விடாம படிச்சதுக்கே உனக்கு ஒரு காபி வாங்கித் தரலாம் தம்பி. ஆனா ஒண்ணு கேக்கறேன், இப்ப ஒருத்தர் எதிர்ல உக்காந்து "நேத்து என்ன பண்ணே?"ன்னு ஸ்பானிஷ்ல கேட்டா 5 நிமிஷம் பேசுவியா? முடியாதுன்னா இப்போதைக்கு டிக்கெட் போடாத. ஏன்னா அங்க போய் முதல் 2 மாசம் "என் பேரு இது, எனக்கு 21 வயசு, இது மேஜை, அது நாற்காலி"ன்னு படிக்கப் போற, அத யூரோல ஃபீஸ் கட்டி, யூரோல வாடகை குடுத்து படிக்கறதுக்கு இங்கயே ஒரு டீச்சர்கிட்ட ரூபாய்ல படிச்சுக்கலாம். மொழி எவ்ளோ வருதுன்னு அளக்க ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2ன்னு கீழேர்ந்து மேல 6 படி இருக்கு, கம்பெனிங்க பெரும்பாலும் பி2-லேர்ந்து தான் பேச்சே எடுப்பாங்க. நீ ஏ2 முடிச்சு பி1-ல கால் வெச்சிட்டு போனேன்னா அந்த 6 மாசம் தங்கம், ஒண்ணுமே தெரியாம போனா அது டூர்.

இன்னொண்ணு, வேலைக்கு அப்ளை பண்றப்ப அவங்க கேக்கறது நீ ஸ்பெயின் போனியான்னு இல்ல, டெலேங்கற ஸ்பானிஷ் பரீட்சை சர்டிஃபிகேட் இருக்கான்னு தான். அது ஸ்பெயின் கல்வி அமைச்சகத்து பேர்ல இன்ஸ்டிடூட்டோ செர்வாண்டஸ் குடுக்கறது, ஒரு தடவ பாஸ் பண்ணிட்டா காலாவதியே ஆகாது. அந்த இன்ஸ்டிடூட் டெல்லிலயே இருக்கு, பரீட்சைய இந்தியாலயே எழுதலாம். அதனால வேலை மட்டும் தான் காரணம்னா நீ வெளிநாடு போயே ஆகணும்னு இல்ல, இத சொன்னா என் மேல கோவம் வரும்னு தெரியும். போறதா இருந்தா 90 நாளுக்குள்ள முடியற கோர்ஸுக்கு சாதா ஷெங்கன் விசா (ஐரோப்பால பல நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா) போதும், அதுக்கு மேலன்னா ஸ்டூடண்ட் விசா, பேங்க்ல பணம் காட்டணும், இன்ஷூரன்ஸ், 6 மாசத்துக்கு மேலன்னா போலீஸ் சர்டிஃபிகேட்னு நீளும். ரூல்ஸ் அடிக்கடி மாறுது, அங்கேயே பார்ட் டைம் வேலை பாத்து ஃபீஸ் கட்டிக்கலாம்னு எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாம தூதரக வெப்சைட்ட நீயே படி.

கேள்வி (மதுரை, ஸ்கூல் டீச்சர்): ஃப்ரெஞ்ச் ட்ரை பண்ணி பாதில விட்டுட்டேன். ஸ்பானிஷ் நம்ம நாக்குக்கு வருமா?

பதில்: இதுக்கு நான் ஒரு முழு புக்கே எழுதுவேன், எடிட்டர் விட மாட்டார். நம்ம நாக்குக்கு ஸ்பானிஷ் வர்ற மாதிரி இங்கிலீஷ்காரங்களுக்கு வராது டீச்சர். நான் ஸ்பெயின்ல படிச்சப்ப கிளாஸ்ல பக்கத்துல ஒக்காந்திருந்த வெள்ளக்காரப் பொண்ணு ஒரு மாசமா கண்ணாடி முன்னாடி நின்னு "ர்ர்ர்"னு மல்லுக்கட்டிச்சு. பெரோன்னா "ஆனா", பெறோன்னா "நாய்". நமக்கு தான் சின்ன ர, பெரிய றன்னு ரெண்டு எழுத்தே இருக்கே, நாகர்கோவில் பக்கத்துக்காரங்க பேச்சுல அது இன்னும் தனித்தனியாவே கேக்கும், அவங்களுக்கு முதல் நாளே முழு மார்க். மேல வளைவு போட்ட அந்த "N" எழுத்து (ñ) நம்ம ஞ தான். ரெண்டு உயிரெழுத்துக்கு நடுவுல வர்ற "த" நாம "பாதம்"னு சொல்றப்ப வர்ற மாதிரியே மெத்துன்னு வரும்.

ஆனா உச்சரிப்பு எல்லாம் சும்மா ஆரம்பம், எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது இலக்கணத்துல தான். "ஐ லைக் காஃபி"ங்கற எடத்துல ஸ்பானிஷ்காரங்க "மெ குஸ்தா எல் கஃபே"ம்பாங்க, அதாவது எனக்கு காபி பிடிக்கும். நான் காபிய பிடிக்கறேன்னு இல்ல, எனக்கு பிடிக்கும், அப்படியே நம்ம நாலாம் வேற்றுமை! தலைவலிக்கும் அதே கத தான், மெ துவேலெ லா கபேஸா, எனக்கு தலை வலிக்குது. மறந்துட்டேன்னு சொல்றதுக்கு பதிலா "எனக்கு மறந்துபோச்சு"ன்னு பழிய தூக்கி எங்கயோ போடுவோம் இல்ல, அதுவும் அங்க இருக்கு, செ மெ ஒல்விதோ. கிளாஸ்ல அத்தன பேரும் நோட்ல அம்புக்குறி போட்டு போட்டு புரிஞ்சுக்கிட்டு இருந்தப்ப நான் மட்டும் சிரிச்சுக்கிட்டு இருந்தேன், டீச்சர் என்னன்னு கேட்டாங்க, அத சொல்ற அளவுக்கு தான் என்கிட்ட ஸ்பானிஷ் இல்ல.

"நான்"ங்கறத சொல்லாமலே "பேசறேன்"னாலே போதும்ல, அங்கயும் ஆப்ளோன்னா போதும். "நீ"க்கு தூ, "நீங்க"க்கு உஸ்தெத். எல்லாரும் பயமுறுத்தற சேர், எஸ்தார்னு ரெண்டு வினை இருக்கு, இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே "இஸ்" தான், ஆனா "அவ அழகு"க்கும் "இன்னிக்கு அவ அழகா இருக்கா"க்கும் வித்தியாசம் தெரிஞ்ச யாருக்கும் அதுல பாதி தானாவே புரியும். மீதி பாதி பொருந்தாது, அடி வாங்கித்தான் கத்துக்கணும்.

கஷ்டம் எங்கன்னா, உயிரில்லாத பொருளுக்கும் இலக்கணத்துல ஆம்பள, பொம்பளன்னு பால் உண்டு, மேஜை பொம்பள, பொம்பளைங்க போடற டிரெஸ் ஆம்பள, கை "ஓ"ல முடிஞ்சாலும் பொம்பள, பிரச்சன "ஆ"ல முடிஞ்சாலும் ஆம்பள (இத கேட்டு என் ஸ்டூடண்ட்ஸ் அடிக்கற ஜோக்க இங்க எழுத முடியாது). அப்புறம் சப்ஜங்க்டிவ்னு ஒண்ணு, ஆசை, சந்தேகம், பயம் எதச் சொன்னாலும் வினையோட வாலு மாறும். அதுக்கு நம்மகிட்டயும் மருந்து இல்ல.

கேள்வி (சென்னை, அம்பத்தூர், வயசு 52): என் பொண்ணு அமெரிக்காவுல மெக்சிகோ பையன கல்யாணம் பண்ணிக்கிட்டா. சம்பந்தி அம்மா குவாதலஹாரால இருக்காங்க. வீடியோ கால்ல அவங்க சிரிப்பாங்க, நான் சிரிப்பேன், அவ்ளோ தான். டிசம்பர்ல பேரப்புள்ள பொறக்கப்போகுது. இந்த வயசுல ஸ்பெயின் போய் படிக்கலாமான்னு கேட்டா வீட்டுக்காரர் சிரிக்கறார். நீங்களும் சிரிக்காதீங்க.

பதில்: அம்மா, வந்த மெயில்லயே ஒசத்தியான காரணம் உங்களோடது தான், இத படிச்சுட்டு நான் என் வீட்டுக்காரர்கிட்டயும் படிச்சுக் காட்டுனேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க, சம்பந்திங்கற வார்த்தைக்கு இங்கிலீஷ்ல வார்த்தையே கெடையாது, ஸ்பானிஷ்ல இருக்கு, கொன்சுவேக்ரா. சகலைக்கு கூட இருக்கு, கொங்குஞாதோ. அந்த உறவுக்கெல்லாம் தனியா பேர் வெச்சிருக்கற ஜனங்கம்மா அது, உங்களுக்கு அங்க அந்நியமாவே இருக்காது.

ஆனா ஸ்பெயின் வேண்டாம். உங்களுக்கு வேணும்ங்கறது அவங்க பேசற ஸ்பானிஷ், அதுக்கு மெக்சிகோ போங்க. நாலஞ்சு பேர பாத்து "நீங்க எல்லாரும்"னு சொல்றதுக்கு ஸ்பெயின்ல ஒரு வார்த்தை, அதுக்குன்னு தனியா ஒரு வினை வாய்ப்பாடு, மெக்சிகோல அது புழக்கத்துலயே இல்ல, பேசாத ஒண்ண எதுக்கு மனப்பாடம் பண்ணணும்? இத விட பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு, ஸ்பெயின்ல "பஸ்ஸ புடிக்கணும்"னு சொல்ல கொஹேர்னு ஒரு வினைய நாள் முழுக்க சொல்லுவாங்க, அதே வார்த்தை மெக்சிகோல கெட்ட வார்த்தை. சம்பந்தி அம்மா முன்னாடி வேண்டவே வேண்டாம். இன்னொரு வார்த்தை கட்டாயம் கத்துக்கோங்க, அவோரீத்தா. "இப்பவே"ன்னு அர்த்தம், ஆனா நம்ம "இதோ வந்துட்டேன்" மாதிரி, 5 நிமிஷமும் ஆகலாம், சாயங்காலமும் ஆகலாம்.

பேரப்புள்ளைக்காக அமெரிக்கா விசா எடுத்திருப்பீங்க இல்ல, அது செல்லுபடியா இருந்தா மெக்சிகோவுக்கு தனி சுற்றுலா விசா தேவையில்ல, உங்களுக்கு பாதி அலைச்சல் மிச்சம். கெளம்பறப்ப ரூல ஒருதடவ சரி பாத்துக்கோங்க. மெக்சிகோ சிட்டில யூனாம் பல்கலைக்கழகத்துல வெளிநாட்டுக்காரங்களுக்குன்னே ஸ்பானிஷ் சொல்லித்தர்ற சென்டர் 1921-லேர்ந்து நடக்குது, குவாதலஹாராலயும் ஸ்கூலுங்க இருக்கு. ஆனா என்ன கேட்டா, காலைல 3 மணி நேரம் கிளாஸ், மத்தியானத்துலேர்ந்து சம்பந்தி அம்மா அடுப்படி. அவங்க புளித்தண்ணிய சர்க்கர போட்டு ஜில்லுன்னு குடிப்பாங்க, அதுக்கு பேரு ஆகுவா தெ தமரிந்தோ. நாம ரசம் வெக்கறத பாத்தா அவங்க மயங்கி விழுவாங்க. மொளகாயும் தக்காளியும் நமக்கு வந்ததே அந்தப் பக்கத்துலேர்ந்து தான், அதுல ஆரம்பிச்சா மூணு நாளைக்கு பேச்சு ஓடும். அப்புறம் அவங்கள உஸ்தெத்னே கூப்பிடுங்க, அவங்களா "தூன்னே சொல்லுங்க"ன்னு சொல்ற வரைக்கும்.

கேள்வி (ஊர் சுத்தி, ஈரோடு): பார்சிலோனாவா மாட்ரிட்டா? எனக்கு ஃபுட்பால் உயிர்.

பதில்: ஃபுட்பாலுக்குன்னா எங்க வேணா போங்க, நான் குறுக்க வரல. ஸ்பானிஷுக்குன்னா, பார்சிலோனால தெருப்பலகைலேர்ந்து ஸ்கூல் பாடம் வரைக்கும் கத்தலான் மொழி. அது ஸ்பானிஷோட வட்டார வழக்கு இல்ல, தனி மொழி, அங்க போய் அப்படி சொல்லிடாதீங்க, தமிழ ஏதோ ஒண்ணோட கிளைன்னு சொன்னா நமக்கு எப்படி இருக்கும். ஸ்பானிஷும் எல்லாரும் பேசுவாங்க, ஆனா புதுசா படிக்கறவங்களுக்கு ரெண்டும் கலந்து கொழம்பும். மாட்ரிட் போங்க, இல்லன்னா சாலமாங்கா, வல்லதோலித் மாதிரி சின்ன ஊர். தெற்க அந்தலூசியா பக்கம் ரொம்ப ஜாலி, ஆனா வார்த்தை கடைசில வர்ற "ஸ்"ஸ முழுங்கிடுவாங்க, முதல் மாசம் ஒண்ணும் புரியாது.

கேள்வி (திருச்சி, ஐ.டி., வயசு 31): நெஜமான காரணம் கேட்டீங்க. சொல்றேன். பிரேக் அப். வீட்ல அடுத்த வரன் பாக்கறாங்க. எனக்கு 3 மாசம் யாரும் என்ன தெரியாத ஊர்ல இருக்கணும். ஸ்பானிஷ் ஒரு சாக்கு தான். இது தப்பா?

பதில்: தப்பே இல்லப்பா, நானும் அப்படித்தான் போனேன். 27 வயசு, ஞாயித்துக்கெழமையானா பஜ்ஜி சொஜ்ஜி, நாலாவது மாப்ள வீட்டுக்காரங்க வந்துட்டு போன அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட "சாலமாங்கால ஒரு கோர்ஸ் இருக்கு"ன்னேன். அந்த ஊரு எங்க இருக்குன்னு எனக்கே மேப்ல பாத்தா தான் தெரியும். 1218-ல ஆரம்பிச்ச பல்கலைக்கழகம், பழைய கட்டடத்து வாசல் சிற்பத்துல ஒரு மண்டையோட்டு மேல குட்டி தவள இருக்கும், யாரும் காட்டாம நீயே கண்டுபிடிச்சா பரீட்சைல பாஸ்னு ஐதீகம். எனக்கு 11 நாள் ஆச்சு, அதுவும் ஒரு சின்னப் பையன் காட்டுனான். ஸ்பானிஷுக்கு முதல் அச்சிட்ட இலக்கணம் 1492-ல அந்த ஊர்ல தான் வந்துச்சு, நெப்ரிஹான்னு ஒருத்தர் எழுதுனது, இத டீச்சர் ரொம்ப பெருமையா சொன்னப்ப நான் மனசுக்குள்ள தொல்காப்பியத்த நெனச்சுக்கிட்டு மரியாதையா தலையாட்டுனேன்.

தங்குனது ஒரு வயசான சென்யோரா வீட்ல. கறி சாப்பிட மாட்டேன்னு ரெண்டு நாள் மனப்பாடம் பண்ணி சொன்னேன், சரி சரின்னு சொல்லிட்டு சாலட் மேல டூனா மீன கொட்டிக் குடுத்தாங்க. மீன் கறியா என்னங்கற மாதிரி பாத்தாங்க. ஹாம் துண்டு போட்ட பருப்பு சூப்பு அடுத்த நாள். அன்னிக்கு தான் நான் முதல் தடவையா ஸ்பானிஷ்ல சண்டை போட்டேன், இலக்கணம் எல்லாம் தப்பு, ஆனா நிறுத்தாம 2 நிமிஷம். சாப்பாட்டுக்கு சண்டை போட்டா மொழி வந்துடும்ப்பா, இது எந்த புக்லயும் இல்ல.

உனக்கு நான் சொல்றது மத்திய அமெரிக்கால இருக்கற குவாதமாலா. அந்திகுவான்னு ஒரு பழைய ஊரு, 1773 பூகம்பத்துல இடிஞ்ச சர்ச்சுங்க இன்னும் அப்படியே நிக்கும், வானம் தெளிவா இருந்தா ஃபுவேகோ எரிமலை பொகை விடறது தெரியும். அங்க ஸ்பானிஷ் ஸ்கூல்னா பெரும்பாலும் ஒரு டீச்சர், ஒரு ஸ்டூடண்ட், ஒரு மேஜை, ஒரு நாளைக்கு 4 மணி நேரம், மத்தியானம் ஒரு குடும்பத்தோட சாப்பாடு. ஸ்பெயின விட செலவு கம்மி, நிதானமா பேசுவாங்க. 20-க்கு மேல மாயா மொழிங்க இருக்கற நாடு, நெறைய பேருக்கு ஸ்பானிஷே ரெண்டாவது மொழி தான், அதனால தப்பா பேசறவன பாத்து சிரிக்க மாட்டாங்க. விசா, விமானம் ரெண்டும் கொஞ்சம் சுத்தல், முன்னாடியே பாத்துக்க. ஒரு எச்சரிக்கை, தனி டீச்சர்கிட்ட 4 மணி நேரம் பேசறதுக்கு விஷயம் வேணும், ரெண்டாவது வாரமே பிரேக் அப் கதைய முழுசா சொல்லிடுவ, அதுவும் இறந்த காலத்துல. நல்ல பயிற்சி.

கேள்வி (திருநெல்வேலி, சிற்றிதழ் வாசகர்): லத்தீன் அமெரிக்க கதைங்கள இங்கிலீஷ் வழியா வந்த தமிழ்ல தான் படிச்சிருக்கேன். நேரா படிக்கணும், முடிஞ்சா நேரா மொழிபெயர்க்கணும். அதுக்கு வெளிநாடு போகணுமா?

பதில்: படிக்க போக வேண்டாம். மொழிபெயர்க்க, ஆமா, ஒரு தடவையாவது போயிட்டு வாங்க சார். ஒரு பாத்திரம் இன்னொருத்தர தூன்னு கூப்பிடுதா, வோஸ்னு (தூ மாதிரியே இன்னொரு "நீ") கூப்பிடுதா, உஸ்தெத்னு கூப்பிடுதாங்கறதுல தான் பாதி கத இருக்கும், இங்கிலீஷ் வழியா வர்றப்ப மூணும் "யூ" ஆயிடும், தமிழுக்கு வந்தா மறுபடி நீ, நீங்கன்னு குத்துமதிப்பா பிரிப்பாங்க. நேரா வந்தா அந்த நஷ்டமே இல்ல. அர்ஜென்டினால புவனோஸ் ஐரேஸ் போங்க, அங்க வோஸ் தான் எல்லாம், "காயே"ன்னு எழுதி வெச்சிருக்கற தெருவ "காஷே"ம்பாங்க. கொரியென்தெஸ் வீதில பழைய புஸ்தகக் கடைங்க வரிசையா இருக்கும். 1919-ல கட்டுன ஒரு தியேட்டர அப்படியே புஸ்தகக் கடையா மாத்தி வெச்சிருக்காங்க, மேடைல ஒக்காந்து காபி குடிக்கலாம். பொட்டில எடம் விட்டுட்டு போங்க.

கேள்வி (சேலம், ஒரு அப்பா): பொண்ணு ஒத்தைக்கால்ல நிக்கறா, ஸ்பெயின் போகணும்னு. ஆன்லைன்லயே கத்துக்க முடியாதா? உங்க அப்பா உங்கள எப்படி அனுப்புனாரு?

பதில்: ஆன்லைன்ல பி1 வரைக்கும் தாராளமா வரும் சார், பொய் சொல்ல மாட்டேன். வராதது என்னன்னா, பேக்கரில பின்னாடி 6 பேர் நிக்கறப்ப டக்குனு ரொட்டி கேக்கறது, மத்தியானம் சாப்பிட்டு முடிச்சும் யாரும் எந்திரிக்காம ஒரு மணி நேரம் பேசிக்கிட்டே இருப்பாங்க, அதுக்குன்னே சோப்ரெமேசான்னு ஒரு வார்த்தை, அந்த மேஜைல நாலு பேர் ஒரே நேரத்துல பேசறப்ப எடைல பூந்து ஒரு வாக்கியம் சொல்றது. ஸ்கிரீன்ல எல்லாரும் ஒருத்தர் முடிச்சப்பறம் தான் ஒருத்தர் பேசறாங்க. பொண்ணு ஏ2 முடிக்கட்டும், முதல்ல 8 இல்ல 12 வாரத்துக்கு அனுப்புங்க, ஹாஸ்டல் வேண்டாம், நம்ம ஊர் பசங்களோட ஃப்ளாட்டும் வேண்டாம், அங்கத்து குடும்பத்தோட தங்கட்டும். அவ எதுக்கு போறாங்கறத மட்டும் ஒரு தடவ நிதானமா கேளுங்க, திட்டறதுக்கு இல்ல, எந்த ஊரு, எத்தன வாரம்னு முடிவு பண்ண அது தெரியணும்.

எங்க அப்பா ரெண்டு நாள் பேசல, மூணாவது நாள் பாஸ்போர்ட் ஆபீசுக்கு ஸ்கூட்டர்ல கூட்டிட்டு போனார். அங்க போனப்பறம் தெனம் ஃபோன்ல ஒரே கேள்வி தான், சாப்பிட்டியா. சென்யோரா வீட்ல ராத்திரி சாப்பாடு ஒன்பதரைக்கு, இங்க அப்ப விடிகாலை ஒண்ணு, குளிர்காலத்துல ரெண்டு. நான் சாப்பிட்டேன்னு சொல்ற வரைக்கும் முழிச்சிருப்பார். ஸ்பெயின் போனத கூட மன்னிச்சுட்டார், மனுஷன் எவனாவது ஒன்பதரைக்கு சாப்பிடுவானான்னு இன்னிக்கும் அந்த சென்யோரா மேல கோவம் தான்.